ஸ்டவுட் என்னும் கறுப்புப் பீரை ஐஸ் போடாமல் குடிப்பதில் அப்படி என்ன சுவை இருக்கிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள சீனர் கோப்பிக்கடையில் ஸ்டவுட் கேட்டால், குவளை நிறைய ஐஸ்கட்டியும் கூடவே வரும். தோட்டத்து வெயிலில் நின்றுவிட்டு வருபவர் அதை விரும்புவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நானும் பல ஆண்டுகள் அப்படியே குடித்து, இதில் கசப்பைத் தவிர வேறொன்றும் இல்லை என்றே நம்பியிருந்தேன்.

குளிர் மிகுந்தால் மணம் மேலெழாது, நாக்குக்கு இனிப்பும் சரியாகத் தெரியாது. கசப்பும் வாயுவின் உறைப்புமே மிஞ்சும். ஆகவே போத்தலைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்துக் கால்மணி நேரம் மேசைமேல் வைத்துவிடுங்கள்; 10 முதல் 13 பாகை செல்சியஸ் இருந்தால் போதும். குவளையைச் சாய்த்துப் பாதியளவு ஊற்றி விளக்கொளியில் தூக்கிப் பார்த்தால், கறுப்பு என்று நினைத்தது ஓரத்தில் செம்மாணிக்க நிறமாகத் தெரியும். அந்நிறம் கருக வறுத்த தானியத்தினுடையது. 1817-இல் இங்கிலாந்தின் டேனியல் வீலர் உருளை வறுகலத்துக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, அத்தகைய தானியம் சிறிதளவு சேர்த்தாலே முழுப் பீரும் கறுப்பாகிவிடும் என்றாயிற்று.

குடிக்குமுன் முகர்ந்து பாருங்கள். முதலில் கோப்பி-ஓ, அதாவது பால் சேர்க்காத கோப்பியின் வாசம் வரும். சற்றுப் பொறுத்தால் குலா மலாக்கா என்னும் பனைவகைச் சர்க்கரை காய்ச்சும் மணம். அதன் பின்னால் எனக்கு, ரப்பர் ஷீட் தொங்கவிட்ட பழைய புகைக்கூடத்தின் வாடையும் தெரியும். என் மனைவியோ முகர்ந்து பார்த்துவிட்டு, "வெறும் கருகல்" என்று குவளையைத் தள்ளிவிட்டார்.

ஒரு வாய் எடுத்து, உடனே விழுங்காமல் நாக்கு முழுவதும் பரவவிட்டு, விழுங்கிய பின் மூக்கு வழியாக மூச்சை விடுங்கள்; வறுத்த தானியத்தின் வறண்ட கசப்பு அப்போதுதான் தனியாகப் பிரிந்து தெரியும். இலங்கையின் லயன் ஸ்டவுட் போன்ற 8.8 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட சரக்கில், அதற்கடியில் உலர்திராட்சை இனிப்பும் தொண்டையில் இளஞ்சூடும் இருக்கும். பச்சை முட்டை அடித்து ஊற்றினால் இரத்தம் ஊறும் என்று பெரியவர்கள் சொல்வதை நான் நம்பவில்லை. முட்டை அந்த மணத்தையெல்லாம் மூடிவிடுகிறது.

வலுவானது என்பதால் ஒரு போத்தலை இருவர் பகிர்ந்து, மெதுவாகக் குடியுங்கள். குவளையின் கடைசிக் கால்பங்கு சற்றே சூடேறியிருக்கும். கசப்புச் சாக்லேட் சுவை அதில்தான் நன்றாகத் தெரியும். தொட்டுக்கொள்ள வறுத்த கச்சான் (வேர்க்கடலை) போதும். காரமான ஆட்டுக்கறி வேண்டாம், மிளகாயின் எரிச்சலில் மற்ற சுவைகள் அடிபட்டுப்போகும்.