தண்ணீர்க் குளிசையும் பொற்றாசியமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் தாதியப் பயிற்சி பெறும் மாணவி. மருத்துவ விடுதியில் அடுத்தடுத்த கட்டில்களில் இருந்த இருவருக்கும் சலம் போவதற்கான தண்ணீர்க் குளிசை எழுதப்பட்டிருந்தது. ஒருவருக்குப் பொற்றாசியம் குளோரைட் குளிசையும் சேர்த்துக் கொடுத்தோம். மற்றவருக்கு இளநீரும் வாழைப்பழமும் கொடுக்கக்கூடாது என்று சொல்லப்பட்டது. ஒரே வேலையைச் செய்யும் குளிசைகளுக்கு ஏன் இந்த வேறுபாடு? – கொக்குவில்

பதில்: இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு மருந்து கொடுக்கும் தாதியிடம் நோயாளர் பாதுகாப்பாக இருப்பார். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டு குளிசைகளும் சலத்தைக் கூட்டினாலும், அவை சிறுநீரகத்தில் வேலை செய்யும் இடங்கள் வெவ்வேறு. சிறுநீரகம் வடிக்கும் சோடியத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அதன் நுண்குழாய்கள் கொக்கிபோல வளைந்து மேலேறும் பகுதியில் (என்லேயின் தடத்தின் தடித்த ஏறுபுயத்தில்) மீண்டும் உறிஞ்சப்படுகிறது. ஃபுரோசமைட் என்ற தண்ணீர்க் குளிசை அந்த உறிஞ்சலைத் தடுப்பதால் சோடியமும் அதனோடு சேர்ந்த நீரும் பெருமளவில் வெளியேறுகின்றன. நுரையீரலில் நீர் கோத்து மூச்செடுக்க முடியாமல் வருபவருக்கு அதை நாளத்தில் ஏற்றுவது இதனால்தான். ஐதரோகுளோரோதயசைட் என்ற இன்னொரு தண்ணீர்க் குளிசை அதற்கு அப்பால், சேய்மை மடிந்த சிறுகுழாய் என்ற அடுத்த பகுதியில் வேலை செய்கிறது. அங்கே உறிஞ்சப்படும் சோடியத்தின் பங்கு சிறிது என்பதால் அதன் வேகமும் குறைவு. பிரஷருக்கு நாள்தோறும் எடுக்க அது பொருந்துகிறது.

இந்த இரண்டில் எதை எடுத்தாலும் சிறுநீரகத்தின் கடைசிப் பகுதியான சேகரிக்கும் குழாய்க்கு வழமையிலும் கூடுதலான சோடியம் வந்து சேர்கிறது. அங்கே அல்டோஸ்டெரோன் என்ற ஓமோனின் ஏவலால் சோடியம் உள்ளே எடுக்கப்பட, பொற்றாசியம் சலத்தோடு போய்விடுகிறது. உங்கள் முதல் நோயாளருக்குப் பொற்றாசியம் கொடுக்கப்பட்டதன் காரணம் அதுதான். மூன்றாவது வகையான ஸ்பைரோனோலக்ரோன் அந்த அல்டோஸ்டெரோனையே தடுக்கின்ற மருந்து. அதனால் நீர் போகும், பொற்றாசியம் உடலில் தங்கிவிடும். இரண்டாவது நோயாளரின் அட்டையை மறுபடி எடுத்துப் பாருங்கள்; ஸ்பைரோனோலக்ரோனோடு, பிரஷர் மருந்துகளான எனலாப்ரிலோ லொசாட்டனோ எழுதப்பட்டிருக்கக்கூடும். இருதயம் பலவீனமானவர்களுக்கு இவை சேர்ந்தே எழுதப்படுவது வழமை. எனலாப்ரில், லொசாட்டன் ஆகியவையும் அல்டோஸ்டெரோனைக் குறைப்பதால் பொற்றாசியத்தை ஏற்றக்கூடியவை. சிறுநீரகமும் தளர்ந்திருந்தால் அது இன்னும் விரைவாக ஏறும்.

குருதியில் பொற்றாசியம் லீற்றருக்கு 3.5 முதல் 5.0 மில்லிமோல் வரை இருப்பது வழமை. குறைந்தால் தசைப்பிடிப்பும் சோர்வும் வந்து இருதயத் துடிப்புத் தாறுமாறாகலாம். கூடினால் இருதயமே நின்றுவிடக்கூடும். எனக்குப் பெரிதாகப் படுவது, அது பல வேளைகளில் எந்த முன்னறிவிப்புமில்லாமல் கூடுவதுதான். நோயாளர் கட்டிலில் இருந்து சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார், பரிசோதனை அறிக்கையில் 6.5 என்று இருக்கும். எனவே மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது, கடைசியாக வந்த பொற்றாசிய அளவு என்ன, அது எந்தத் திகதிக்குரியது என்ற இரண்டையும் பார்த்துவிட்டே குளிசையைக் கையில் எடுங்கள். பொற்றாசியம் குளோரைட் குளிசை மெல்லக் கரையும் வகையாக இருந்தால் இடித்துக் கொடுக்காதீர்கள். நிறையத் தண்ணீரோடு, சாப்பாட்டுக்குப் பின், நிமிர்ந்து இருக்கவைத்துக் கொடுங்கள். ஊசி மருந்தாக வரும் பொற்றாசியம் குளோரைட்டை ஐதாக்காமல் நாளத்தில் ஒருபோதும் செலுத்தக்கூடாது. ஆளுக்கு அந்த இடத்திலேயே உயிர் போகும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும், பிள்ளை.

கேள்வி: எனது அம்மாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது. இருதயம் பலவீனம் என்று காலையும் பின்னேரமும் ஃபுரோசமைட் எடுக்கிறா. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கோயிலுக்குப் போகும் நாட்களில், வழியில் சலம் வந்துவிடும் என்று குளிசையை விட்டுவிடுகிறா. களைப்புக்கு நல்லது என்று இளநீரும் குடிக்கிறா. இது சரியா? – கரவெட்டி

பதில்: தாயாரின் சங்கடம் நியாயமானது. சனநெருக்கத்தில் வயோதிபப் பெண் ஒருவர் கழிப்பிடம் தேடி அலைவது எவ்வளவு துன்பம் என்பதை மருந்து எழுதுபவர்கள் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயினும் குளிசையை விட்டுவிடுவது அதற்கு வழியல்ல. ஃபுரோசமைட்டை வாயால் எடுத்தால் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் வேலை தொடங்கி, ஏறத்தாழ 6 மணி நேரத்தில் அடங்கிவிடும். ஆகவே காலையில் கோயிலுக்குப் போகும் நாளில், காலை வேளைக்குரியதை வீடு திரும்பிய பின் எடுக்கலாமா, அப்படியானால் இரண்டாவதை எத்தனை மணிக்கு எடுப்பது என்று கிளினிக்கில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். சில மணி நேரம் தள்ளிப் போடுவதற்கு வைத்தியர்கள் பெரும்பாலும் மறுப்புச் சொல்வதில்லை. இரண்டாவது குளிசையைப் பின்னேரம் நேரத்தோடேயே எடுத்துவிட வேண்டும். பிந்தினால் இரவெல்லாம் எழும்ப வேண்டிவரும், இருட்டில் விழுந்து இடுப்பெலும்பு முறிவதும் அப்படித்தான்.

வீட்டில் ஒரு தராசு வாங்கி வையுங்கள். காலையில் சலம் கழித்த பிறகு, தேநீர் குடிப்பதற்கு முன், ஒரே மாதிரியான உடுப்போடு நிறையைப் பார்த்துக் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் திகதியோடு எழுதுங்கள். மூன்று நாளுக்குள் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது கொழுப்பல்ல, நீர். கால் வீங்கும்வரை, தலையணையை உயர்த்தாமல் படுக்க முடியாமல் போகும்வரை காத்திராமல் அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும். மாறாக, வாந்தி, வயிற்றோட்டம் வந்து ஒன்றும் உட்கொள்ள முடியாத நாளில், வழமைபோலக் குளிசையை எடுப்பதா நிறுத்துவதா என்று உடனே விசாரியுங்கள். நீர் வற்றிய உடலில் இக்குளிசை சிறுநீரகத்தைப் பாதிக்கும். எழும்பும்போது தலை சுற்றி விழுத்தும்.

இளநீரைப் பற்றிச் சொல்வதானால், ஒரு முழு இளநீரில் ஒரு வாழைப்பழத்தில் உள்ளதிலும் கூடிய பொற்றாசியம் இருக்கும். ஃபுரோசமைட் மட்டும் எடுத்து, சிறுநீரகமும் நன்றாக இருப்பவருக்கு அது கெடுதலல்ல, சிலவேளை உதவியும்கூட. எனலாப்ரில், லொசாட்டன், ஸ்பைரோனோலக்ரோன் என்பவற்றில் ஏதாவது கொப்பியில் இருந்தால், பொற்றாசிய அளவைத் தெரிந்துகொள்ளாமல் நாளாந்தம் குடிக்க விடாதீர்கள். கடைகளில் உப்புக்குப் பதிலாக விற்கப்படும் உப்புத்தூளில் இருப்பதும் பெரும்பாலும் பொற்றாசியம் குளோரைட்டே. சாதாரண உப்பையே குறைத்துப் பழகுவது மேல். கருவாடும் ஊறுகாயும் மோர்மிளகாயும் ஒரு பக்கம் இருக்க, குளிசையைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. இன்னொன்று: முழங்கால் நோவுக்கென்று பாமசியில் வைத்தியரின் துண்டு இல்லாமல் வாங்கும் டைக்குளோபினக், இபுபுரோபன் போன்றவை உடலில் உப்பையும் நீரையும் தங்கவைப்பவை. தண்ணீர்க் குளிசையும் எனலாப்ரிலும் எடுப்பவர் அவற்றையும் சேர்த்து எடுத்தால் சிறுநீரகம் சடுதியாகச் செயலிழக்கக்கூடும். நோவு இருந்தால் அதையும் கிளினிக்கிலேயே சொல்லுங்கள்.

கேள்வி: பிரஷருக்கு அம்லோடிபின் தொடங்கிய பிறகு ஐயாவின் கணுக்கால்கள் வீங்கியுள்ளன. அயல்வீட்டவர் எடுக்கும் தண்ணீர்க் குளிசையில் ஒன்றைக் கொடுத்துப் பார்க்கலாமா? – சாவகச்சேரி

பதில்: கொடுக்க வேண்டாம். அம்லோடிபின் நாடிகளை விரிப்பதால் மயிர்த்துளைக் கலன்கள் என்ற மிக நுண்ணிய குருதிக் குழாய்களில் அமுக்கம் கூடி, நீர் கணுக்கால் இழையங்களுக்குள் கசிகிறது. உடலில் மேலதிக நீர் சேர்ந்ததால் வந்த வீக்கம் அல்ல என்பதால் தண்ணீர்க் குளிசையால் அது பெரிதாக வற்றாது. ஐயாவுக்குத் தலைசுற்றுத்தான் மிஞ்சும். அளவைக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். மூச்சு வாங்கினாலோ ஒரு கால் மட்டும் நோவோடு வீங்கினாலோ அது வேறு விடயம், அன்றே காட்டுங்கள்.

கேள்வி: டிகொக்சின், பிசோப்ரோலோல், ஃபுரோசமைட் ஆகிய மூன்றும் எழுதப்பட்ட நோயாளருக்குக் காலையில் நாடித்துடிப்பு 54. குளிசையைக் கொடுப்பதா விடுவதா என்று தடுமாறினேன். – தாதிய மாணவி, வேலணை

பதில்: இருதயத் துடிப்பை மெதுவாக்கும் டிகொக்சினைக் கொடுக்குமுன் மணிக்கட்டை 15 செக்கன் பிடித்து நான்கால் பெருக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். துடிப்பு ஒழுங்கற்றிருந்தால் அந்தக் கணக்குப் பிழைக்கும். சில துடிப்புகள் மணிக்கட்டை எட்டுவதும் இல்லை. இடது மார்பில் இருதய நுனியில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து 60 செக்கன் முழுவதும் எண்ணுங்கள். வளர்ந்தவருக்கு 60க்குக் குறைந்தால் டிகொக்சினை நிறுத்தி வைத்து, உடனே பொறுப்புத் தாதிக்கும் வைத்தியருக்கும் அறிவிப்பதே முறை. பிசோப்ரோலோலும் துடிப்பைக் குறைக்கும் மருந்து என்பதால் அதற்கும் அன்றைக்கு வைத்தியரின் சொல்லைக் கேட்க வேண்டும். ஆனால் நாட்கணக்காக அதை நாமாகவே நிறுத்திவிடக்கூடாது. சடுதியாக நிறுத்தினால் நெஞ்சுநோவும் மாரடைப்பும் வர இடமுண்டு.

மூன்றாவது குளிசையான ஃபுரோசமைட்டை இங்கே மறந்துவிடாதீர்கள். டிகொக்சின் இருதயத் தசைக்கலங்களில் போய் ஒட்டும் இடத்துக்குப் பொற்றாசியமும் போட்டியிடுகிறது. பொற்றாசியம் குறைந்தால் டிகொக்சின் கூடுதலாக ஒட்டி, வழமையான அளவே நஞ்சாகிவிடும். ஆகவே துடிப்போடு பொற்றாசிய அளவையும் சேர்த்தே வைத்தியரிடம் சொல்லுங்கள். அவருக்குப் பசியில்லையா, குமட்டுகிறதா, பொருட்கள் மஞ்சளாகத் தெரிகின்றனவா என்றும் கேளுங்கள். 'ரெண்டு நாளாச் சோறு பிடிக்கேல்லை' என்று ஒரு முதியவர் சொல்வதை வயதின் குறையென்று தள்ளிவிடாதீர்கள். பிறகு எண்ணிய துடிப்பு, எண்ணிய நேரம், யாரிடம் சொன்னீர்கள், கொடுத்தீர்களா நிறுத்தினீர்களா என்பவற்றை மருந்து அட்டையில் அப்போதே எழுதுங்கள். அடுத்த வேளைக்கு வரும் தாதி அதைப் பார்த்தே கையை நீட்டுவார்.