பருந்துக்கு வல்லூறு உறவா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அரிட்டாபட்டி மலைப்பக்கம் பறவை பார்க்கப் போயிருந்தபோது, உடன் வந்த நண்பர் ஒருவர், வல்லூறுக்குப் பருந்தைவிடக் கிளிதான் நெருங்கிய உறவு என்று சொன்னார். வல்லூறும் பருந்தும் வளைந்த அலகாலும் கூர்நகங்களாலும் இரை பிடிப்பவை. அவற்றை எந்த அடிப்படையில் பிரித்து வைக்கிறார்கள்?
– வாசகர், மேலூர்

பதில்: நண்பர் சொன்னது சரியே. ஆனால் அறிவியல் அந்த முடிவுக்கு வந்து சேர இரண்டரை நூற்றாண்டுகள் ஆயின. ஸ்வீடனைச் சேர்ந்த இயற்கையியலாளர் லின்னேயஸ், உயிரினங்களை வகைப்படுத்திய தமது நூலின் 1758-இல் வெளியான பத்தாம் பதிப்பில், அன்று அறியப்பட்டிருந்த பறவைகள் அனைத்தையும் ஆறே வரிசைகளுக்குள், அதாவது ஆறு பெரும் பிரிவுகளுக்குள், அடக்கினார். அலகையும் காலையுமே அவர் பெரும்பாலும் அளவுகோலாகக் கொண்டார். அதனால் கழுகு, பருந்து, வல்லூறு, ஆந்தை ஆகியவற்றோடு, நம் கரிசல் காட்டுக் கருவேல மரங்களில் உட்கார்ந்து வெட்டுக்கிளி பிடிக்கும் கீச்சானும் ஒரே வரிசையில் இடம்பிடித்தது. கீச்சானின் அலகு நுனி கொக்கியாக வளைந்திருப்பதை அருகில் இருந்து பார்த்தவர்கள் அவரைக் குறை சொல்ல மாட்டார்கள். இன்று அது காக்கைக்கு உறவான பாடும் பறவையாகவே கொள்ளப்படுகிறது.

டார்வினின் நூல் 1859-இல் வந்த பிறகு, உருவ ஒற்றுமையைவிடப் பொது மூதாதையே வகைப்பாட்டுக்கு அடிப்படையாக வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. ஒரே தொழிலைச் செய்யும் இரு உயிரினங்கள், வேறு வேறு வழியில் வந்திருந்தாலும், காலப்போக்கில் ஒரே உருவத்தை அடைந்துவிடக்கூடும் என்பதால், தோற்றத்தை மட்டும் நம்பினால் ஏமாற வாய்ப்புண்டு. 2008-இல் 169 பறவை இனங்களின் மரபணுப் பகுதிகளை ஒப்பிட்ட ஆய்வும், 2014-இல் 48 இனங்களின் முழு மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்ட ஆய்வும் வல்லூறைக் கிளிகளுக்கும் பாடும் பறவைகளுக்கும் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தன. இவற்றோடு வேறொரு சான்றும் உண்டு. டி.என்.ஏ.வில் சில துணுக்குகள் தம்மைத் தாமே படியெடுத்து, எங்காவது ஓரிடத்தில் செருகிக்கொள்ளும். அப்படிச் செருகப்பட்ட ஒரே துணுக்கு வல்லூறு, கிளி, சிட்டு ஆகிய மூன்றிலும் ஒரே இடத்தில் இருந்து, பருந்தில் இல்லாமற்போனால், அது முதல் மூன்றின் பொது மூதாதையிடமிருந்து வந்ததாகவே கொள்ள வேண்டும். அத்தகைய துணுக்குகள் கண்டறியப்பட்டுள்ளன.

வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்ற ஏணியில் இப்போது இவை எங்கே நிற்கின்றன என்றால், நாம் கருடன் என்று கும்பிடும் செம்பருந்து, அசிபிட்ரிபார்மிஸ் வரிசையில் அசிபிட்ரிடே குடும்பத்தில் உள்ளது; அதன் அறிவியல் பெயர் ஹாலியாஸ்டர் இண்டஸ். அரிட்டாபட்டியின் லகர் வல்லூறு, பால்கோனிபார்மிஸ் வரிசையில் பால்கோனிடே குடும்பத்தில் உள்ளது; அதன் அறிவியல் பெயர் பால்கோ ஜக்கர். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022-இல் அறிவிக்கப்பட்ட அந்த மலையில் அடுத்த முறை தொலைநோக்கியில் வல்லூறு அகப்பட்டால், மேலலகின் ஓரத்தைக் கவனியுங்கள். நுனிக்குச் சற்றுப் பின்னால் பல் போன்ற முனை ஒன்று துருத்தியிருக்கும். பருந்து இரையை நகங்களால் இறுக்கியே கொல்லும். வல்லூறோ பிடித்த இரையின் கழுத்தை அந்தப் பல்லால் கடித்து முறிக்கும்.

கேள்வி: வண்டியூர்க் கண்மாயில் நீந்தும் பறவைகள் எல்லாம் ஒரே பிரிவைச் சேர்ந்தவைதாமா?
– வாசகி, கே.கே. நகர், மதுரை

பதில்: இல்லை. ‘நீர்ப்பறவை’ என்பது வாழிடத்தை ஒட்டி நாம் வைத்துக்கொண்ட பெயர். வகைப்பாட்டில் அப்படி ஒரு பிரிவு கிடையாது. பாதங்களைப் பார்த்தாலே வேறுபாடு புலப்படும். வாத்துக்கு முன்விரல்கள் மூன்றுக்கு இடையில் மட்டும் சவ்வு இருக்கும். நீர்க்காகத்துக்கு நான்கு விரல்களையும் சவ்வு இணைக்கும். நாமக்கோழிக்கும் முக்குளிப்பானுக்கும் முழுச் சவ்வு இல்லாமல் விரலுக்கு விரல் தனி மடல்கள் இருக்கும். அதற்காக இந்தக் கடைசி இரண்டையும் சேர்த்துவிடவும் முடியாது. நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழி, கானாங்கோழியோடும் வட இந்தியச் சாரசப் பறவையோடும் ஒரே வரிசையில் இருக்கிறது. உருவில் சிறிய முக்குளிப்பானுக்கோ, தனுஷ்கோடிப் பக்கம் வரும் நெட்டைக்கால் பூநாரைதான் மிக நெருங்கிய உறவு. நம்பக் கடினமான முடிவுதான் என்றாலும், முதலில் மரபணுவும், பிறகு எலும்புகளின் அமைப்பும் அதையே சொல்கின்றன. வாத்தின் கதையும் வியப்பானது: அதற்கு நெருங்கிய உறவு, பக்கத்தில் முங்கி எழும் நீர்க்காகம் அன்று, கரையில் குப்பையைக் கிளறும் நாட்டுக்கோழியும் அழகர்மலை மயிலும்தான்.

கேள்வி: என்னிடம் உள்ள பழைய பறவைக் கையேட்டில் கூழைக்கடாவும் நீர்க்காகமும் ஒரே வரிசையில் உள்ளன, புதிய பட்டியல்களில் வேறு வேறு வரிசைகளில் உள்ளன. எதை எடுத்துக்கொள்வது?
– வாசகர், திருப்பரங்குன்றம்

பதில்: வரிசைகளுக்குப் புதியதையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு விரல்களையும் இணைக்கும் சவ்வை வைத்தே பழைய நூல்கள் அவற்றைச் சேர்த்திருந்தன. இன்று கூழைக்கடா, கொக்குகளோடும் அரிவாள் மூக்கனோடும் ஒரு வரிசையில் இருக்கிறது. நீர்க்காகமும் பாம்புத்தாராவும் வேறொரு வரிசைக்குப் போய்விட்டன. பட்டியலுக்குப் பட்டியல் வேறுபட்ட குழப்பத்தைத் தீர்க்க, 2025-இல் ‘ஏவிலிஸ்ட்’ என்ற உலகப் பறவைகளின் பொதுப் பட்டியலை வெளியிட்டார்கள். அதில் 46 வரிசைகள், 252 குடும்பங்கள், 11,131 சிற்றினங்கள் உள்ளன; அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை சிட்டு, காக்கை, மைனா அடங்கிய பாசரிபார்மிஸ் என்ற ஒரே வரிசையைச் சேர்ந்தவை. ஆனாலும் பழைய கையேட்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பறவையை அடையாளம் காண அதிலுள்ள படங்களும் அலகு, இறகுக் குறிப்புகளும் இன்றும் பயன்படும். வரிசைப் பெயர்களை மட்டும் ஓரத்தில் பென்சிலால் திருத்திக்கொண்டால் போதும்.