சாம்பல் பொம்மையைப் பார்த்து யார் பயப்படுவார்கள்?

கேள்வி: கோடோ 4 கேம் எஞ்சினில் தனியாளாக 20 நிமிட ஹாரர் கேம் செய்கிறேன். அமெரிக்காவில் 1961-இல் பெட்டி, பார்னி ஹில் தம்பதி வேற்றுக்கிரகவாசிகள் தங்களைக் கடத்தியதாகச் சொன்னார்களே, அதுதான் கரு. ஏலியன் மாடலுக்கே இரண்டு மாதம் உழைத்தேன். விளையாடிய நண்பர்களோ சிரிக்கிறார்கள். இன்னும் மெருகேற்றவா? பறக்கும் தட்டின் ஒளிக்கற்றையும் தரைக்கு வரமாட்டேன் என்கிறது.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: மெருகேற்றினால் இன்னும் பலமாகச் சிரிப்பார்கள். பெரிய தலை, கருப்புக் கண், சாம்பல் தோல்: சாவிக்கொத்தில்கூடத் தொங்கும் முகம் அது.

கருவை எடுத்த நீங்கள் அதிலுள்ள பயத்தை விட்டுவிட்டீர்கள். செப்டம்பர் 19 இரவு நியூ ஹாம்ப்ஷயர் மலைச்சாலையில் வந்த அந்தத் தம்பதி, வீடு சேர்ந்தபோது சுமார் இரண்டு மணி நேரத்துக்குக் கணக்கு இல்லை. பெட்டியின் உடை கிழிந்திருந்தது, பார்னியின் ஷூ மேல்பக்கம் தேய்ந்திருந்தது, இருவர் கைக்கடிகாரமும் நின்றுபோயிருந்தது என்றார்கள். விண்கலத்துக்குள் நடந்த கதை விரிவாக வந்ததோ 1964-இல், மருத்துவர் பெஞ்சமின் சைமனின் ஹிப்னாஸிஸ் அறையில். (அவரே அதை நம்பவில்லை, பெட்டி கண்ட கனவுகளின் விளைவு என்றுதான் நினைத்தார்.)

ஆகவே ஏலியனைத் தூக்கிவிடுங்கள். ஒளி காரைத் தொட்டதும் திரை இருளட்டும். வெளிச்சம் வரும்போது அதே கார், அதே இருக்கை. ஓடோமீட்டரில் மட்டும் 35 மைல் கூடியிருக்க வேண்டும்; பெட்ரோல் முள் இம்மி அசைந்திருக்கக் கூடாது. இது உறைக்க வேண்டுமானால், முன்பே இரண்டு முறையாவது அந்த முள்ளையும் ஓடோமீட்டர் எண்ணையும் விளையாடுபவரைப் பார்க்க வைக்க வேண்டும். "பெட்ரோல் போதுமா?" என்று மனைவி கேட்கட்டும், "இன்னும் எத்தனை மைல்?" என்றும் கேட்கட்டும். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான்: மாற்றத்தை வைப்பார்கள், மாறுவதற்கு முன் இருந்ததைக் காட்டியிருக்க மாட்டார்கள். பிறகு "ஐயோ, என்ன நடந்தது?" என்று வசனம் வேறு.

ஒளிக்கற்றைக்கு வருவோம். ஸ்பாட்லைட்டின் ரேஞ்ச் தானாக 5 மீட்டரில் நிற்கும். தட்டு 40 மீட்டர் உயரத்தில் இருந்தால் 60 வையுங்கள். ஆங்கிள் 45-ஐ 8-க்குக் குறையுங்கள். இல்லாவிட்டால் கற்றை கூடாரமாக விரியும். ஷேடோவை நீங்களே ஆன் செய்ய வேண்டும்; மறந்தால் காரின் கூரையைத் துளைத்துக்கொண்டு ஒளி உள்ளே விழும். கற்றை காற்றில் தெரிய வால்யூமெட்ரிக் ஃபாக் (ஒளியைப் பிடித்துக் காட்டும் மூடுபனி) வேண்டும். கோடோவில் காட்சியை வரைந்து தரும் ரெண்டரர்களில், ஃபார்வர்ட் பிளஸ்ஸில் மட்டுமே அது வேலை செய்யும். ஃபாக்கின் நீளமும் தானாகக் கேமராவிலிருந்து 64 மீட்டரோடு முடியும், தொலைவில் தட்டு வந்தால் கூட்டிக்கொள்ளுங்கள். வேறு ரெண்டரர் என்றால் கூம்பு வடிவ மெஷ் (3டி உருவம்) ஒன்றின் மெட்டீரியலில் அன்ஷேடட் (மற்ற ஒளி படாதது), பிளெண்ட் ஆட் (பின்னணியோடு கூடி ஒளிர்வது) கொடுத்துச் சமாளிக்கலாம்.

ஒலியைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. சிரிப்புக்குப் பாதிக் காரணம் அதுவாக இருக்கும். தட்டு வருவதற்கு ஐந்து வினாடி முன்பே சில்வண்டுச் சத்தத்தை வெட்டுங்கள். உறுமலை 40 ஹெர்ட்ஸில் மட்டும் வைத்தால் ஹெட்ஃபோனில் நெஞ்சு அதிரும், லேப்டாப் ஸ்பீக்கரில் மூச்சே வராது. கூடவே 120, 160 ஹெர்ட்ஸிலும் ஒவ்வொரு அடுக்கு சேருங்கள்.