எண்ணெய் படிந்த கழிமுகத்தில் மறுபடி பச்சை ஆழி வளர்க்கலாமா?

கேள்வி: எண்ணூர்க் கழிமுகத்தில் முன்பு பச்சை ஆழி (கயிற்றில் ஒட்டி வளரும் பச்சை ஓட்டுச் சிப்பி வகை) வளர்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்த பிறகு விட்டுவிட்டோம். இப்போது தண்ணீர் தெளிவாக இருக்கிறது. அலையாத்தி மரங்களின் ஓரம், அலை அடிக்காத இடமாகப் பார்த்துக் குஞ்சு கட்டிய கயிறு தொங்கவிடலாமா?

பதில்: அந்த இடம் மட்டும் வேண்டாம். நீங்கள் தண்ணீரைப் பார்த்திருக்கிறீர்கள்; பார்க்க வேண்டியது சேற்றை.

நம் வெயிலுக்கு மேலே மிதக்கும் எண்ணெய் சீக்கிரம் சிதையும். அலையாத்திச் சேற்றுக்குள் காற்று புகாது. நண்டு வளை வழியாக உள்ளே இறங்கிய எண்ணெய் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். 1986 ஏப்ரலில் பனாமாவின் கரீபியன் கரையில், பாஹியா லாஸ் மினாஸ் பகுதியில் சேமிப்புத் தொட்டி உடைந்து குறைந்தது 80 லட்சம் லிட்டர் கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. பக்கத்தில் கலேட்டாவில் ஸ்மித்சோனியன் ஆய்வு நிலையம் இருந்ததால் எண்ணெய் வருவதற்கு முந்தைய உயிரினக் கணக்கும் கையில் இருந்தது. இப்படி அமைவது அபூர்வம். ஐந்து வருடம் கழித்தும் கால்வாய் ஓரத்து வேர்களில் சிப்பிகள் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. செத்த மரங்களின் வேர் மக்கி, சேறு கரையக் கரைய, பழைய எண்ணெய் புதிதாக வந்து சிப்பிச் சதையில் ஏறிக்கொண்டே இருந்தது. நீங்கள் கேட்கும் இடமும் அதே மாதிரியானதுதான்.

உங்கள் கழிமுகத்தை மூடிக் கிடக்கும் காக்கா ஆழி என்ற வந்தேறி ஆழிக்கும் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பக் கரைகள்தான் தாய்வீடு. அது இங்கே செழிப்பதை வைத்துத் தண்ணீர் சுத்தம் என்று எண்ண வேண்டாம். எதையும் தாங்கும் பிறவி அது.

நீர் வற்றும்போது ஒரு முழம் தோண்டி, அந்தச் சேற்றை வாளித் தண்ணீரில் கலக்குங்கள். மேலே வானவில் படலம் வந்தால் குச்சியால் கீறிப் பாருங்கள். சில்லு சில்லாக உடைந்து நின்றால் அது இரும்புப் பாக்டீரியாவின் படலம். கீறிய இடம் மறுபடி கூடிக்கொண்டால் எண்ணெய்.

எண்ணெய் இல்லாத இடமாக, முகத்துவாரம் பக்கம் நீரோட்டம் உள்ள ஆழத்தில், நுனி தரையைத் தொடாமல் இரண்டு கயிறு மட்டும் கட்டுங்கள். இரண்டு மாதம் போகட்டும். குஞ்சுகள் கயிற்றைச் சரியாகப் பிடிக்காமல் உதிர்ந்தால் அதுவே இடம் சரியில்லை என்பதற்கு ஓர் அறிகுறி. உப்புப் போடாமல் அவித்து முகர்ந்து பாருங்கள். மண்ணெண்ணெய் வாடை அடித்தால் விற்கக் கூடாது. வாடை இல்லை என்பதும் போதாது. மீன் போல ஆழியால் எண்ணெயின் நஞ்சைச் சீக்கிரம் உடைத்து வெளியேற்ற முடியாது, கொழுப்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஏற்றுமதி மீன்களைச் சோதிக்கும் ஆய்வகத்தில், எண்ணெய் நஞ்சுகளில் ஒன்றான பென்சோபைரீன் அளவு கேளுங்கள். ஐரோப்பிய வரம்பு கிலோவுக்கு 5 மைக்ரோகிராம்.

'இரண்டு நாள் சுத்த நீரில் போட்டால் போதும்' என்று யாராவது சொல்வார்கள். அது கிருமிக்கான வைத்தியம். எண்ணெய் இறங்க வாரக்கணக்கில் நல்ல கடல்நீர் வேண்டும், சமைத்தாலும் போகாது. முடிவு வரும்வரை மிதவைக்கும் குஞ்சுக்கும் கடன் வாங்காதீர்கள்.