குழந்தைக்கு டிக் இருந்தால் வீட்டில் என்ன செய்யலாம்?

கேள்வி: “என் 7 வயது மகன் சில மாதங்களாகக் கண்ணை அழுத்தி அழுத்திச் சிமிட்டுகிறான். இப்போது தொண்டையையும் செருமத் தொடங்கிவிட்டான். கண்ணிலும் தொண்டையிலும் கோளாறு இல்லை, இது ‘டிக்’, அதாவது தானாகத் திரும்பத் திரும்ப வரும் திடீர் அசைவு அல்லது சத்தம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எத்தனை முறை சொன்னாலும் நிறுத்த மாட்டேன் என்கிறான். எப்படி நிறுத்த வைப்பது?”

சொல்லி நிறுத்தும் முயற்சியை முதலில் விட்டுவிடுங்கள். என் மகளுக்கும் ஏறக்குறைய இந்த வயதில்தான் தொடங்கியது. அன்றிலிருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: டிக் உள்ள குழந்தையைவிட அதைச் சுற்றியிருக்கும் பெரியவர்கள் மாற வேண்டியதுதான் அதிகம்.

உங்கள் மகன் வேண்டுமென்றே செய்யவில்லை. தும்மலுக்கு முன் மூக்கில் ஒரு குறுகுறுப்பு வருமே, அதுபோல டிக் வருவதற்கு முன் அந்த இடத்தில் ஓர் உறுத்தல் வரும். செய்தால்தான் அடங்கும். சின்னக் குழந்தைகளுக்கு அந்த உறுத்தலைச் சொல்லத் தெரியாது. பத்து வயதை ஒட்டித்தான் பிடிபடும். அதனால் “ஏன்டா இப்படிப் பண்றே?” என்று கேட்டால் “தெரியலை” என்றுதான் பதில் வரும். அது உண்மையான பதில்.

கொஞ்ச நேரம் அடக்க முடியும் என்பதுதான் பெரியவர்களைக் குழப்புகிறது. “பள்ளியில் சும்மா இருக்கிறான், வீட்டுக்கு வந்தால் மட்டும் செய்கிறான், அப்படியென்றால் வேண்டுமென்றேதானே?” என்று கேட்பார்கள். என் மகள் பள்ளி விட்டு வந்து பையை மூலையில் வைத்துவிட்டு உட்காரக்கூட மாட்டாள், அதற்குள் கழுத்து வெட்டி வெட்டி இழுக்கும். நாளெல்லாம் வகுப்பில் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கி வைத்த களைப்பு அது. அந்த நேரத்தை அவளுக்கே விட்டுவிட்டோம். வீட்டுப்பாடம் பற்றிய பேச்சு கிடையாது, “இன்னைக்கு என்ன நடந்துச்சு?” என்ற விசாரணையும் கிடையாது. தரையில் குப்புறப் படுத்து வரைவாள். நாக்கின் நுனி உதட்டோரம் எட்டிப் பார்க்கும், பென்சில் ஓடும், கழுத்து அசையவே அசையாது. பென்சிலைக் கீழே வைத்ததும் மறுபடி தொடங்கும். மனம் ஒன்றிய வேலையில் டிக் குறைவதும், களைப்பு, பதற்றம், அளவுக்கு மீறிய உற்சாகம் என்றால் கூடுவதும் வழக்கம்தான். பிறந்தநாளுக்கு முந்தின இரவு கூடினால் பயப்பட வேண்டாம்.

இன்னொன்று, டிக் பற்றிப் பேசினாலே டிக் வரும். “கண்ணு, கண்ணு” என்று ஞாபகப்படுத்துவது அதை அழைத்து உட்கார வைப்பதற்குச் சமம். வீட்டில் இதைக் கடைப்பிடிக்கச் சிரமப்படுவது பெரும்பாலும் தாத்தா பாட்டிதான், பாசத்தில்தான் சொல்கிறார்கள். என் அம்மாவிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: “அதைப் பார்க்காத மாதிரி இரும்மா, அவளைப் பாரு.”

ஆனால் குழந்தையிடம் மூடி மறைக்கக் கூடாது. அமைதியான ஒரு நேரத்தில் நேராகச் சொல்லிவிடுங்கள்: “உன் மூளை சில சமயம் தேவையில்லாத கட்டளை அனுப்புது. உன் தப்பு இல்லை. எங்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை.” யாராவது கிண்டல் செய்தால் சொல்ல ஒரு பதிலும் கையில் இருக்கட்டும். என் மகளின் பதில், “அது டிக். தானா வரும். உனக்கு ஒட்டிக்காது.” வீட்டில் சொல்லிப் பழகியதால் பள்ளியில் வாய் குழறவில்லை. ஆசிரியரிடமும் பேசுங்கள். எல்லோர் முன்னாலும் சுட்டிக்காட்டாமல் இருப்பதும், அடக்க முடியாதபோது வெளியே போய்வர அனுமதிப்பதும் பெரிய உதவி.

பொதுவாக 4 முதல் 6 வயதில் தொடங்கி, 10 முதல் 12 வயதில் உச்சத்துக்குப் போய், பதின்வயது முடிவதற்குள் பெரும்பாலானவர்களுக்கு வெகுவாகக் குறைந்துவிடும். ஓராண்டுக்குள் மறைந்துவிடுவதும் நிறைய உண்டு. நடுவில் ஏறும், இறங்கும். ஒன்று போய் இன்னொன்று வரும். ரொம்ப அதிகமாக இருக்கும்போதுதான் நாம் யாரோ சொன்ன ஒன்றை வாங்கிக் கொடுப்போம். அது தானாக இறங்கும் நேரமாக இருக்கும், கொடுத்ததால் இறங்கியது என்று நம்பிவிடுவோம். அப்படி விற்கப்படும் எதற்கும் பணத்தைக் கொட்டாதீர்கள்.

பல அசைவு டிக்குகளும் குறைந்தது ஒரு குரல் டிக்கும் ஓராண்டுக்கு மேல் நீடித்தால் டூரெட் என்பார்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். டூரெட் என்றாலே கெட்ட வார்த்தை கத்துவார்கள் என்ற எண்ணம் பரவிக் கிடக்கிறது. அப்படி வருவது சிறு பகுதியினருக்குத்தான்.

டிக் அவனைத் தொந்தரவு செய்தால் (உங்களை அல்ல, அவனை) ‘சிபிட்’ என்ற நடத்தைப் பயிற்சி இருக்கிறது. உறுத்தல் வரும்போதே கண்டுகொண்டு, டிக்கைச் செய்ய முடியாதபடி வேறொன்றைச் செய்யப் பழக்குவார்கள். கழுத்து வெட்டுக்குத் தாடையை லேசாக உள்ளிழுத்துக் கழுத்தை இறுக்கி, உறுத்தல் தணியும்வரை அப்படியே வைத்திருப்பது. செருமலுக்கு வாயை மூடி மூக்கால் மெதுவாக மூச்சுவிடுவது. 2010-ல் வெளியான ஆய்வில் 9 முதல் 17 வயதுவரையான 126 பேர் பங்கேற்றார்கள். இந்தப் பயிற்சி பெற்றவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானோருக்கும், ஆதரவும் விளக்கமும் மட்டும் பெற்றவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவானோருக்கும் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. பயிற்சி செய்ததற்குப் பாராட்டுங்கள், பரிசுகூடக் கொடுங்கள். “இன்னைக்கு டிக்கே வரலையே, சமத்து!” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நாளை வந்தால் தோற்றுவிட்டதாக நினைப்பான்.

கழுத்து வலிக்கும் அளவுக்கோ, படிக்கவோ தூங்கவோ முடியாத அளவுக்கோ போனால் மருந்துகளும் உண்டு. அதைக் குழந்தை நரம்பியல் மருத்துவரோ மனநல மருத்துவரோ முடிவு செய்யட்டும். கவனக்குறைவு, பதற்றம், ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யும் கட்டாயம் போன்றவை கூட இருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பல குழந்தைகளை டிக்கைவிட அவைதான் வாட்டும். நினைவு தப்பினாலோ, கூப்பிட்டால் திரும்பாமல் வெறித்துப் பார்த்தாலோ, தூக்கத்தில் உடல் வெட்டி இழுத்தாலோ தாமதிக்காமல் காட்டுங்கள், அது வலிப்பாக இருக்கலாம்.

மருத்துவர் அறைக்குள் நுழைந்ததும் டிக் பெரும்பாலும் காணாமல் போய்விடும். அதனால் வீட்டிலேயே செல்பேசியில் ஒரு சிறு காணொளி எடுத்துப் போங்கள். எடுப்பதற்கு முன் அவனிடம் கேட்டுக்கொள்ளுங்கள், யாருக்குக் காட்டப் போகிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.