அண்ணப்பிளவுக்கு ரோபோ அறுவை சிகிச்சை வரட்டும் என்று காத்திருக்கலாமா?

ஒன்பது மாதக் குழந்தைக்கு அண்ணப்பிளவு (வாயின் மேற்கூரை பிளந்திருப்பது), ரோபோ வைத்துத் தைப்பதாகப் படித்தேன், அதற்காகத் தள்ளிப்போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

நாங்கள் கோத்தகிரி. என் மகளுக்கும் இதே பிளவுதான். உதடு நன்றாக இருந்ததால் முதலில் யாருக்கும் தெரியவில்லை. பால் மூக்கு வழியாக வந்த பிறகுதான் வாய்க்குள் பார்த்தார்கள். நிமிர்த்திப் பிடித்து, பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றித்தான் வளர்த்தோம். மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போதெல்லாம் காதைப் பிடித்துக்கொண்டு அழுவாள். மூக்கின் பின்பக்கத்திலிருந்து காதுக்குப் போகும் குழாயைத் திறக்கிற வேலையும் அண்ணத்துத் தசைகளுடையதுதான், அது நடக்காததால் காதில் நீர் தேங்கியிருக்கிறது என்று கோவையில் டாக்டர் சொன்னார்.

எல்லாம் அந்தத் தசையில்தான் இருக்கிறது. ஓட்டையை மூடினால் மட்டும் போதாது. குறுக்கே போக வேண்டிய தசை, பிளவுள்ள குழந்தைக்கு முன்னும் பின்னுமாக ஓடி எலும்பின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். அதைப் பிரித்து, பின்னால் திருப்பி, இரு பக்கத்தையும் நடுவில் சேர்க்க வேண்டும். அவ்வளவு சின்ன வாய்க்குள்! ரோபோ உதவுவது இந்த இடத்தில்தான். கேமரா பெரிதாக்கிக் காட்டும், கருவியின் நுனி உள்ளேயே மணிக்கட்டு மாதிரி வளையும், கை நடுக்கம் கருவிக்குப் போகாது. ஆனால் தானாக எதுவும் செய்யாது, ஓட்டுவது சர்ஜன்தான்.

பெல்ஜியத்தில் நாசர் நஜ்மி என்ற சர்ஜன் பத்துப் பேருக்கு இப்படிச் செய்து 2016-ல் வெளியிட்டார். வழக்கத்தைவிட நேரம் கூடுதலாகத்தான் ஆனது. இதற்குப் பயன்படுத்திய டாவின்சி என்ற அறுவை சிகிச்சை ரோபோவின் கைகள் பெரியவர்களின் உடலுக்காக வடிவமைத்தவை. பச்சைக்குழந்தையின் வாய்க்கு அவை பெரிது, ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும்.

அண்ணத்தைப் பொதுவாக 9 முதல் 18 மாதத்துக்குள் தைத்துவிடுகிறார்கள். பேச்சு வரும் வயது அது. தள்ளிப்போனால் காற்று மூக்கால் போகும் பழக்கம் படிந்துவிடும், பிறகு மாற்றுவது கஷ்டம். என் மகளுக்கு ஆபரேஷன் முடிந்தும் ரொம்ப நாள் பேச்சுப் பயிற்சி தேவைப்பட்டது. மூக்கின் கீழ் சின்னக் கண்ணாடியைப் பிடித்துப் 'பாப்பா' சொல்லச் சொல்வோம். எங்கள் ஊர்க் குளிரில் துளி காற்று கசிந்தாலும் கண்ணாடி மங்கிவிடும். ஒரு மார்கழிக் காலையில் அது மங்கவில்லை. நம்ப முடியாமல் மறுபடி மறுபடி சொல்ல வைத்தேன்.

சர்ஜனிடம் ரோபோ இருக்கிறதா என்று கேட்பதைவிட, இதுவரை எத்தனை அண்ணம் தைத்திருக்கிறார், காதை யார் பார்ப்பார்கள், பேச்சுப் பயிற்சி அங்கேயே உண்டா என்று கேளுங்கள். அப்புறம், தையல் ஆறும்வரை குழந்தை விரலை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வீட்டில் இன்னொரு ஆள் வேண்டும், இப்போதே சொல்லிவையுங்கள்.