பழைய வின்செஸ்டர் 1903-க்கு இன்றைய .22 தோட்டா பொருந்துமா?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறேன். மாமனார் விட்டுச் சென்ற பொருள்களில் வின்செஸ்டர் 1903 ரைஃபிள் ஒன்று உள்ளது. கடையில் கிடைக்கும் .22 லாங் ரைஃபிள் தோட்டாவை அதில் போட்டுச் சுடலாமா?

பதில்: கூடாது. இரண்டுக்கும் பெயரில் .22 இருந்தாலும், உங்கள் துப்பாக்கி .22 வின்செஸ்டர் ஆட்டோமேட்டிக் என்னும் தனித் தோட்டாவுக்காகவே செய்யப்பட்டது.

தாமஸ் கிராஸ்லி ஜான்சன் வடிவமைத்த இந்த அரைத் தானியங்கியில் பூட்டும் அமைப்பு எதுவும் கிடையாது. குழலின் பின்வாயை அடைத்து நிற்பது கனத்த இரும்புத் தண்டும் அதன் சுருள்வில்லும் மட்டுமே. தோட்டா வெடிக்கும் விசையே அந்தத் தண்டைப் பின்னுக்குத் தள்ளி, காலி உறையை வெளியே எறிந்து, தண்டு திரும்பி வரும்போது தோளில் பதியும் பின்கட்டைக்குள் இருக்கும் குழாயிலிருந்து அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. எளிய ஏற்பாடுதான், ஆனால் அழுக்கைத் தாங்காது. 1887-லிருந்தே புழக்கத்தில் இருந்த லாங் ரைஃபிள் தோட்டாக்களில் அக்காலத்தில் கருமருந்து என்னும் புகை கக்கும் பழைய வெடிமருந்து நிரப்பியவையும் தாராளமாக விற்கப்பட்டன. அவற்றின் கரி படிந்தால் இயக்கம் விரைவில் சிக்கிக்கொள்ளும். வாங்குபவர்களிடம் எச்சரிக்கை சொல்லிப் பயனில்லை என்று கருதியதாலோ என்னவோ, கருமருந்துத் தோட்டா சரியாகப் பொருந்தாதபடி குழலில் தோட்டா அமரும் அறையின் அளவையே நிறுவனம் மாற்றிவிட்டது. புகையற்ற மருந்து நிரப்பிய புதிய தோட்டாவில் ஈயக்குண்டு உறைக்குள் அமர்வதால் உறையின் விட்டம் சுமார் 6.3 மி.மீ.; லாங் ரைஃபிளில் குண்டும் உறையும் ஒரே பருமன் என்பதால் உறை சுமார் 5.7 மி.மீ. தான். ஆகவே இன்றைய தோட்டா உங்கள் அறையில் தளர்வாக நிற்கும்; வெடிக்கும்போது அறைச் சுவரின் தாங்கல் இல்லாத உறை உப்பிக் கிழிந்து, சூடான வாயு முகத்தருகே பீறிடக்கூடும்.

முந்தைய உரிமையாளர் அறையை மாற்றியமைத்திருக்கவும் வாய்ப்புண்டு. துப்பாக்கி பழுதுநீக்கும் வல்லுநர் அளந்து பார்த்துச் சொல்லும்வரை எந்தத் தோட்டாவையும் போட வேண்டாம். அவரிடம் கொண்டுசெல்லுமுன், குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, பின்கட்டைக் குழாயைக் காலிசெய்த பிறகு அறையையும் தனியாகப் பாருங்கள். குழாய் காலியானாலும் அறையில் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம்.

இதே சாயலில் லாங் ரைஃபிள் தோட்டாவைச் சுடும் துப்பாக்கிதான் வேண்டுமென்றால், 1933-ல் வின்செஸ்டர் வெளியிட்ட 63-ஆம் மாதிரியைத் தேடுங்கள்.